மெத்தைக் கடைக்கு வாடகை

மார்ச் 3

அண்ணிக்கு,

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் அண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது. நான் எப்போது கூப்பிட்டாலும் நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான். இவ்வளவு குளிக்கிற மனுஷி தண்ணீர் வரியை எப்படிக் கட்டுகிறீர்களோ தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மெத்தைக் கடைக்காக வாங்கிய கடன் இன்னும் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும் என்று போன தடவை அண்ணன் சொன்னான். இப்போது இரண்டு வருஷம் ஆகும் என்கிறான். ஏன் என்று கேட்டால் பெருமூச்சு விடுகிறான். "வீட்டுச் செலவு கைமீறிப் போகுது. உங்க அண்ணிக்கு எடுத்துச் சொல்ல என்னால முடியல" என்கிறான். அதனால் நான் எடுத்துச் சொல்கிறேன்.

கடையை மூடிவிட்டு சிமெண்ட் கடையில் போய்க் கணக்கு எழுதுகிறான் அவன். ஒரு காலத்தில் முதலாளி என்று கூப்பிடப்பட்டவன். நான் இங்கே ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தில் மாதம் பதினைந்தாயிரம் மிச்சம் பிடித்து அனுப்புகிறேன். "அண்ணிகிட்ட சொல்லிடாத. நாத்தனார் காசுல சாப்பிடறோம்னு தெரிஞ்சா ரொம்ப வருத்தப்படுவா" என்று அவன் கேட்டுக்கொண்டதால் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் என்னால் முடியாது. கொஞ்சம் வருத்தப்படுங்கள்.

பால் இரண்டு பாக்கெட் என்றால் ஒன்றாக்குங்கள். டிவிக்கு மாதச் சந்தா எதற்கு? வாலுவுக்கு ட்யூஷன் வேண்டாம், அவள் புத்திசாலி, தானே படிப்பாள். சமையலுக்கு எண்ணெய் ஊற்றும்போது கை நடுங்குகிற மாதிரி நினைத்துக்கொண்டு ஊற்றுங்கள். விருந்தாளி வந்தால் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கலாம்.

ஏன் இவ்வளவு கறாராக எழுதுகிறேன் என்றால், என் ஒப்பந்தம் மே பதினைந்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கச் சொல்லி ஆபீஸில் ஒரு தாளை என் முன்னால் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். எனக்குக் கிளம்ப வேண்டும் அண்ணி. என் கையில் ப்ளீச்சிங் பவுடர் வாசனை சோப்புப் போட்டாலும் போவதில்லை. சாப்பிடும்போது ஸ்பூன் வைத்துக்கொள்கிறேன், என் விரலை என் வாயருகே கொண்டுபோக எனக்கே பிடிக்கவில்லை.

நான் திரும்பி வருவதும் வராததும் உங்கள் அடுப்படியில் இருக்கிறது.

இப்படிக்கு
நாத்தனார்


மார்ச் 10

நாத்தனாருக்கு,

உன் உத்தரவு கிடைத்தது. தபால்காரர் பகலில் வந்ததால் என் கையில் கிடைத்தது.

பால் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. டிவி விற்று ஒன்பது மாதம். வாலு ட்யூஷன் வாசலை மிதித்ததே இல்லை. எண்ணெய் ஊற்றக் கை நடுங்குகிற மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்கிறாய், எனக்கு நிஜமாகவே நடுங்குகிறது. காரணம் சொல்கிறேன் கேள்.

நான் முடி சிக்கெடுக்கிறேன். சீப்பில் மாட்டி, சுருட்டி எறிகிறார்களே, அந்த முடி. தெருத்தெருவாக வாங்கி மூட்டை கட்டி ஒருவர் கொண்டுவந்து போடுகிறார். அதை ஊசியால் பிரித்து, நீளவாரியாகப் பிரித்துக் கட்டுக் கட்டித் தர வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஈரம் இருக்கிறது என்று எடையில் கழித்துக்கொள்வார். யார் தலையோ, எந்தச் சாக்கடையோரம் கிடந்ததோ. பேன் முட்டை, பொடுகு, மென்று துப்பிய பபிள்கம், ஒரு தடவை ஒரு பாதி நகம். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை அதுதான். சோற்றில் முடி, தண்ணீர்க் குடத்தில் முடி, போன வாரம் வாலு இருமி இருமி தொண்டையிலிருந்து நூல் மாதிரி ஒரு முடியை இழுத்தாள். என்னுடைய முடியும் இல்லை, அவளுடைய முடியும் இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

உன் அண்ணன் சொன்னது ஒன்று உண்மை, நான் அடிக்கடி குளிக்கிறேன்.

இப்படிச் சம்பாதித்து மாதம் எட்டாயிரம் அவர் கையில் எண்ணிக் கொடுக்கிறேன். கடன் தவணைக்கு. பதிமூன்று மாதமாக ஒரு மாதம் தவறவில்லை. அவர் சிமெண்ட் கடைச் சம்பளம் என்று ஒன்பதாயிரம் தருவதில் வீட்டை ஓட்டுகிறேன்.

இப்போது நீ சொல். நீ அனுப்புகிற பதினைந்தாயிரமா? எந்தப் பதினைந்தாயிரம்? உன் அண்ணன் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அவ சம்பாதிக்கிறத அவளே வெச்சுக்கட்டும். நீ அவகிட்ட எதுவும் கேட்டுடாத. வளையல் விஷயத்துல ஏற்கனவே மனசு ஒடஞ்சு போயிருக்கா" என்றார். தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்று நான் வேறு மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நீ பொய் சொல்லுகிறாய் என்று நினைக்கத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விட வசதி.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

பணம் அனுப்பிய ரசீதுகள் பதிமூன்றின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வாங்கியவர் கையெழுத்தைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த கையெழுத்துதான்.

நம் இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்கிறாள், இல்லையென்றால் அவன் சொல்கிறான். நீங்களாகவே இருக்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். உங்கள் மேல் கோபப்பட்டு எனக்குப் பழகிவிட்டது. கடைக்கு முதல் போட வாங்கிக்கொண்ட என் வளையலை நான் திருப்பிக் கேட்ட அன்று, "இத்தனை வருஷம் சாப்பிட்ட சாப்பாட்டுக்குச் சரியாப் போச்சு" என்று வாசற்படியில் நின்று சொன்னீர்களே, அதை நினைத்து நினைத்துத்தான் இங்கே முதல் ஆறு மாதத்தை ஓட்டினேன். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. உதறும்போது என்னென்னவோ விழும். ஊசி விழும், பஞ்சு விழும், ஒரு நாள் முழுப் பல்செட் விழுந்தது. உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு உதறுவேன், வேலை சீக்கிரம் முடியும்.

அந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

சிமெண்ட் கடைக்குப் போய்ப் பாருங்கள். அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் அழுவான், நாம் இரண்டு பேரும் நம்பிவிடுவோம்.

நாத்தனார்


மார்ச் 27

நாத்தனாருக்கு,

ரசீதுகளைப் பார்த்தேன். நீ பொய் சொல்லுகிறாய் என்று நினைத்து எழுதியது என் தப்பு.

சிமெண்ட் கடைக்கு உடனே போகவில்லை. நான்கு நாள் போகாமல் இருந்தேன். முடி மூட்டை வந்திருக்கிறது, முடித்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் போனேன். கடைக்காரர் நல்லவர், ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். "அவரா? போன வருஷம் வேலை கேட்டு வந்தாரும்மா. நாளைக்கே வாங்கன்னு சொன்னேன். மூட்டைக் கணக்கெல்லாம் எழுதறது தனக்குச் சரிப்படாதுன்னு போயிட்டார்" என்றார். என்னால் தலை நிமிர முடியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று வேறு கேட்டார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தேன். அவர் தெருமுனை திரும்பியதும் பின்னாலேயே போனேன். எங்கே போனார் தெரியுமா? நேராக மெத்தைக் கடைக்கு.

ஆமாம். நம் கடைக்குத்தான். திருப்பி ஒப்படைத்துவிட்டதாகச் சொன்ன கடை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போனார். வெளியே போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது, பளபளவென்று இருக்கிறது. எதிரே சாவி செய்கிறவர் ஒரு பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில், பூட்டு பழுது பார்க்க வந்தவள் மாதிரி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். பகல் இரண்டு மணி வரை நின்றேன்.

உள்ளே ஒன்றும் கிடையாது. அலமாரியெல்லாம் மொட்டை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், கண்ணாடித் தாள் பிரிக்காத ஒரே ஒரு மெத்தை. மேஜையைத் துடைத்தார். பில் புத்தகத்தைத் திறந்து தேதி போட்டார். பேப்பர் படித்தார். பேப்பர் வாங்குகிறார் பார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து டபுள் மெத்தை என்ன விலை என்று கேட்டார்கள். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஸ்டாக் வந்துட்டிருக்கு. அடுத்த வாரம் வாங்க" என்றார். என்னிடம் அவ்வளவு தன்மையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு மணிக்கு நான் கட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டார். டப்பாவில் முடி இருந்திருக்கும் போலிருக்கிறது, இரண்டு விரலால் எடுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஷட்டருக்கு வெளியே எறிந்தார். பிறகு ஃபேனைப் பெரிதாக வைத்துவிட்டு அந்த மெத்தையில் படுத்துத் தூங்கினார்.

சாவிக்காரர் சொன்னார், "முதலாளி தங்கமான ஆளும்மா. ஒண்ணாம் தேதி வாடகை ஐயாயிரம் டாண்ணு வெச்சிடுவாரு. கட்டடக்காரர் எல்லாருக்கும் அவரைத்தான் உதாரணம் காட்டறாரு."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உன் பதினைந்தில் ஐந்து வாடகை. ஒன்பது எனக்குச் சம்பளம் என்று வரும். ஒன்று அவர் கைச்செலவு. கடன் தவணை மட்டும் என் முடிக் காசில். பதிமூன்று மாதம் நான் உன் காசில் குடும்பம் நடத்திக்கொண்டு, நீ ஒரு காசு கூட அனுப்பாதவள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் உன்னைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

அவர் வேறொருத்தி வீட்டுக்குப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது. அது ஊருலகத்தில் நடக்கிறது. காலிக் கடைக்கு வாடகை கொடுத்து அதில் போய் முதலாளியாக உட்கார்ந்திருப்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? சிரித்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு லோடு ஜாஸ்தி, இடுப்பு ஒடியுது" என்றார். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. கை பழக்கம்.

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஷெட்டுக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன்.

முதல் தடவை அவனைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டாம் தடவை அந்த "ஸ்டாக் வந்துட்டிருக்கு" வந்ததும் அவன் பாவம் என்று கடிதத்தை மடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா போன பிறகு என்னை ஸ்கூலில் சேர்க்க வந்தவன் அவன்தான், அப்போது அவனுக்குப் பதினேழு வயசு. இரவல் சட்டை போட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டர் முன்னால் இதேபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஃபீஸ் வந்துட்டிருக்கு சார்" என்றான். அவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். இல்லாததை வருகிறது என்று சொல்லத் தெரியும்.

அவனிடம் எதுவும் கேட்காதீர்கள் அண்ணி. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போக ஆம்பிளைக்கு ஒரு இடம் வேண்டும். அதுவும் இல்லையென்றால் என்ன ஆவான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மாதம் ஐயாயிரம்தானே. வேறு எதிலாவது சுருக்கிக்கொள்வோம். நான் இங்கே காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறேன், பழகிக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆபீஸ் கிளார்க் லீவில் போயிருக்கிறார், இருபதாம் தேதிதான் வருகிறார், வந்ததும் போட்டுவிடுகிறேன்.

இதை எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 12

அடி பைத்தியமே,

கையெழுத்துப் போட்டாயோ, அப்புறம் என் முகத்தில் விழிக்காதே.

மாதம் ஐயாயிரம்தானே என்கிறாய். ஐயாயிரத்துக்கு எத்தனை முடி உருண்டை என்று உனக்குத் தெரியுமா? அவர் ஹெட்மாஸ்டர் முன்னால் நின்ற கதையை எனக்கும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஃபீஸைக் கடைசியில் யார் கட்டினார் என்று யோசித்துப் பார். உங்கள் அம்மா தையல் மெஷினை விற்றுக் கட்டினார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு அவருக்குப் பெயர், மெஷினை விற்றுவிட்டுக் கையால் தைத்ததில் அம்மாவுக்கு முதுகுவலி. நீ காலைச் சாப்பாட்டை விட்டாலும் அப்படித்தான் ஆகும்.

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. நான் ஒன்பதாம் தேதி காலையில் மூட்டைகளை ரிக்‌ஷாவில் ஏற்றினேன். ஒன்பது மூட்டை. எங்கள் வரிசையில் என்னைப்போலவே சிக்கெடுக்கிற நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டேன். அவர்களுக்கும் வீட்டில் இடம் இல்லை, பிள்ளைகள் சோற்றில் முடி விழுகிறது. மெத்தைக் கடை வாசலில் போய் இறங்கினோம்.

உன் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் சொன்னேன், "ஸ்டாக் வந்துடுச்சு."

பதினான்கு மாதத்தில் நான் சந்தோஷமாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

ஷட்டரை முழுசாகத் தூக்கினோம். மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். மொட்டை அலமாரிகள் இருக்கிறதே, அது நீளவாரியாகக் கட்டுகளை அடுக்குவதற்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. ஃபேனை நிறுத்தச் சொன்னேன், முடி பறக்கும். அவர் வேர்த்து ஊற்ற மூலையில் நின்றார். முதல் மூட்டையைப் பிரித்ததும் வந்த நாற்றத்தில் வெளியே ஓடி சாவிக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தார். நான் கட்டிக் கொடுத்ததுதான், வீணாகப் போயிற்று.

"மானம் போகுது. தெருவே பாக்குது" என்றார். "பாக்கட்டும். பில் புக் எடுங்க, எடை எழுதணும்" என்றேன். எழுதினார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எழுதினார்.

இப்போது கேள். மூட்டை போடுகிறவர் நடுவில் இருந்துகொண்டு கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்கு தின்றுகொண்டிருந்தார். இனி அவர் வேண்டாம். வியாபாரியிடம் நேராகப் பேசிவிட்டேன். கடை, போர்டு, பில் புக் எல்லாம் இருந்தால் நேராகவே தருவாராம். இந்த நான்கு நாள் கணக்கைப் பார்த்தால் வாடகையும் வந்துவிடும், தவணையும் வந்துவிடும், மேலே கொஞ்சம் நிற்கும். பெண்கள் கூலியும் ஏறியிருக்கிறது. வாலுவின் தொண்டைக்கு டாக்டரிடம் போய் வந்தேன். வீட்டில் முடி இல்லை. நேற்று சோற்றைப் பார்க்காமல் வாயில் போட்டேன்.

உன் அண்ணன் மூன்று நாள் எழுதினார். இன்று வரவில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டில் படுத்திருக்கிறார். போனும் கையுமாக இருக்கிறார். உனக்குத்தான் போன் வரும், தயாராக இரு.

சாப்பாட்டைப் பற்றி வாசலில் நின்று நான் சொன்ன வார்த்தையைச் சொன்னேன்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு வாலுவுக்குப் போடச் சோறு இல்லை, அதனால் சொன்னேன் என்று சொல்லலாம். அதற்காகச் சொல்லவில்லை. உன்னைக் காயப்படுத்தத்தான் சொன்னேன். இந்த வரியை எழுத மூன்று நாள் ஆயிற்று.

நீ வா.

உன் அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவன் போன் வந்துவிட்டது. இருபது நிமிஷம் அழுதான். நீங்கள் அவனைக் குப்பைக்காரன் ஆக்கிவிட்டீர்களாம். வேறு தெருவில் ஒரு சின்னக் கடை இருக்கிறதாம், முன்பணம் மட்டும் கொடுத்தால் போதுமாம். நான் எதைச் சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. பழைய வழக்கம்தான், நானும் எதிர்பார்க்கவில்லை. வைக்கும்போது, "அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டான். "இன்னும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தாளைப் பற்றி அவனிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன்.

நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. 'ஸ்டாக் வந்துடுச்சு' என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கடைசிப் பாராவுக்கு இப்போது பதில் எழுத வரவில்லை. நேரில் வந்து சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம்.

நேற்று கிளார்க் வந்தார். கையெழுத்துப் போடவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெப்படிம்மா? அட்வான்ஸ்தான் பிப்ரவரியிலேயே போயிடுச்சே" என்றார். ஃபைலைத் திருப்பி வைத்தார்.

நாற்பதாயிரம், அண்ணி. என்னுடைய அடுத்த இரண்டு வருஷத்துக்கு. பெற்றுக்கொண்டவர், உடன்பிறந்த அண்ணன். கீழே அவன் கையெழுத்து, என் ரிப்போர்ட் கார்டிலெல்லாம் போடுவானே, அடியில் இரண்டு புள்ளி வைத்து, அதே கையெழுத்து. தங்கை சம்மதித்துவிட்டாள், தாளில் கையெழுத்துப் பிறகு போடுவாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தப் புதுப் பெயிண்ட் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? நீங்கள் செலவு செய்கிறீர்கள் என்று அவன் எனக்குச் சொன்னது அதற்கு அடுத்த வாரம். நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் அந்தப் பெருமூச்செல்லாம். நானும் சொன்னேனே. காலைச் சாப்பாட்டை விடுகிறேன் என்று எழுதினேனே.

எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஷெட்டில் நான் தொடாத அசிங்கம் இல்லை, எதற்கும் வாந்தி வந்ததில்லை. அந்த இரண்டு புள்ளியைப் பார்த்ததும் வந்தது. கிளார்க் குப்பைத் தொட்டியை நீட்டினார், பாவம்.

பிறகு வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டேன், "நான் போடலன்னா என்ன சார் ஆகும்?"

"பணத்தைத் திருப்பிக் கட்டணும். பத்து நாள்ல. இல்லன்னா வாங்கினவர் மேல புகார் போகும். அவர்தான் பொய்யா எழுதிக் கொடுத்திருக்கார்."

"லோடிங்ல ஆம்பிளை ஆள் வேணும்னு பலகை மாட்டியிருக்கீங்களே, இன்னும் காலியா இருக்கா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். புரிந்துகொண்டார். அங்கேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அண்ணனைக் கூப்பிட்டார். அட்வான்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் குரல் எப்படி மாறியது தெரியுமா? மெத்தை கேட்டு வந்தவர்களிடம் பேசினானே, அந்தக் குரல். "ஒரு வாரம் டைம் குடுங்க சார். என் தங்கச்சி கொஞ்சம் பிடிவாதம். நான் பேசிக்கிறேன், நான் சொன்னா கேப்பா" என்றான்.

"உங்க தங்கச்சி இங்கதான் சார் உக்காந்திருக்காங்க" என்றார் கிளார்க்.

கிளார்க் அவனுக்கு மூன்று வழியையும் சொன்னார். பணம், புகார், இல்லையென்றால் லோடிங் வேலை, இரண்டு வருஷம், வாங்கிய முன்பணம் சம்பளத்தில் கழியும். அவன், "சரி சார்" என்றான். போனை என்னிடம் கொடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் வாங்கவில்லை.

அவன் டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். மே பதினாலு காலை அங்கிருந்து கிளம்பும் பஸ். பெட்டியை நீங்களே கட்டிக் கொடுங்கள், அவனை விட்டால் இஸ்திரி போட்ட சட்டையாக எடுத்து வைப்பான். பழைய சட்டை நான்கு, ரப்பர் செருப்பு, இரண்டு துண்டு போதும். தலைக்கு எண்ணெய் வேண்டாம், நீராவியில் பிசுபிசுக்கும். லோடிங்கில் இருப்பவர்கள் அழுக்குத் துணி மூட்டையைத் தோளில் வைத்துத் தூக்க வேண்டும், ஈரம் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கும். முதல் மாதம் சாப்பாடு இறங்காது என்று சொல்லி அனுப்புங்கள். இரண்டாம் மாதம் இறங்கும். அதுதான் இன்னும் மோசம் என்பதைச் சொல்ல வேண்டாம், அவனே தெரிந்துகொள்ளட்டும்.

அவன் சம்பளம் உங்கள் பெயருக்கு வரும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளார்க் தாளில் என் கையெழுத்தைத்தான் சாட்சியாக வாங்கிக்கொண்டார்.

வாலுவிடம் அவன் எங்கே போகிறான் என்று மறைக்காதீர்கள். நாம் இரண்டு பேரும் ஒருத்தி வருத்தப்படுவாள் என்று இன்னொருத்தி மறைத்தது போதும்.

இங்கே ஒரே பஸ்தான் அண்ணி. பதினைந்தாம் தேதி காலையில் அவனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அரை மணி நேரம் நின்று, அதே பஸ் திரும்பிப் போகும். நான் அதில் ஏறுகிறேன். வாசலில் எதிரெதிரே நிற்க வேண்டியிருக்கும். அவன் அழுவான். ஏதாவது வந்துகொண்டிருக்கிறது என்று சொல்வான். நான் பதில் பேசப்போவதில்லை. என் கையுறையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிடுவேன். ஈரமாகத்தான் இருக்கும், அன்று விடிகாலை ஷிப்ட்டை நான் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

உங்கள் நாத்தனார்